வெளிப் பயனாளி

நல்லது செய்வதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற விவரம், அறுபதைத் தாண்டும் வரை லிஃப்ட்காரருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதுவரை லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டியது ஒரு சக்கர நாற்காலியை.

அவர் வேலை பார்த்த காலமெல்லாம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். "எத்தனாவது மாடி?" என்று கேட்பார். சொன்ன மாடியில் இறக்கிவிடுவார். ஓய்வு பெற்ற மறு வருஷம் அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு எல்லா மாடியும் ஒன்றுதான். அழுகை வரவில்லை. பசி வரவில்லை. காலையில் பல் தேய்ப்பார். தேய்த்தோமா இல்லையா என்று சாயங்காலம் வரை யோசிப்பார். வெளியூரில் இருக்கும் மகள் போன் போட்டு, "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டால், "இருக்கேம்மா" என்பார். கேள்வியில் பாதிக்குப் பதில் சொன்ன மாதிரி ஆயிற்று.

அவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு முதியோர் இல்லம். அதன் கீழ்த்தள ஜன்னலில் எப்போதும் தெரியும் முகம் ரெஃப்ரியுடையது. ஒரு காலத்தில் கால்பந்து மைதானமெல்லாம் விசிலும் கையுமாக ஓடியவர். கடைசியில் முழங்கால் இரண்டும் அவரைக் கேட்காமலே ஆட்டத்தை முடித்துக்கொண்டன. ஒருநாள், தெருவில் காரணமில்லாமல் நின்றிருந்த லிஃப்ட்காரரைப் பார்த்து ஜன்னலிலிருந்து கத்தினார்.

"யோவ்! சும்மாதானே நிக்கறே? வந்து என்னைத் தள்ளு!"

லிஃப்ட்காரர் போய்த் தள்ளினார். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். தொழில் புத்தி.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மைதானம். வேலை முடிந்ததும் டிப்போ மெக்கானிக்குகள் அங்கே பந்து உதைப்பார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோட்டோரமாக ரெஃப்ரியின் நாற்காலி வந்து நிற்கும். யாரும் அவரை நியமிக்கவில்லை. அதற்காக அவர் சும்மா இருக்கவும் இல்லை.

"டேய் நெட்டையா, அது பந்து இல்லடா, அவன் முழங்கால்!"

"பெருசு, மேட்ச் எங்களுதா உன்னுதா?"

"மேட்ச் உன்னுது. ஃபவுலும் உன்னுதுதான். நகரு!"

பந்து எந்த வலைக்குள் போக வேண்டும் என்பதே லிஃப்ட்காரருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் உயிரோடு கத்துவது அவருக்குப் பிடித்திருந்தது. மரத்துப்போன காலை யாரோ தட்டிவிடுவது போல இருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் நாள். மிச்சமெல்லாம் அதற்குப் போகிற வழியும் வருகிற வழியும்.

இப்படி ஒழுங்கு முறையில்லாமல் நன்மை நடந்துகொண்டிருந்த ஊருக்குத்தான் மையம் வந்து சேர்ந்தது.

மையத்தின் முழுப்பெயர் 'நகரச் சமுதாயத் தன்னார்வச் சேவை வாய்ப்புகளைக் கண்டறிந்து ஒருங்கிணைத்து நெறிப்படுத்தும் மையம்'. பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் தொடங்கி, பக்கவாட்டில் திரும்பி, 'மையம்' என்ற சொல் பின்வாசலில் போய் முடிந்தது. முன்வாசலில் நிற்பவர்களுக்கு அது என்ன இடம் என்று தெரிய வாய்ப்பில்லை. உள்ளே போனவர்களுக்கும் தெரியவில்லை என்பது பிறகு வந்த தகவல்.

மையம் முதியோர் இல்லத்தோடு ஒப்பந்தம் போட்ட மறுநாள், காவலாளி லிஃப்ட்காரரை வாசலில் நிறுத்தினார்.

"அட்டை?"

"என்ன அட்டை?"

"தன்னார்வலர் அட்டை."

"நேத்து வரைக்கும் நீங்கதானே கதவு திறந்துவிட்டீங்க?"

"நேத்து வரைக்கும் நீங்க சும்மா வந்தீங்க. இனிமே சும்மா வரக்கூடாது. சேவையா வரணும்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

காவலாளி யோசித்தார். மனிதர் நேர்மையானவர். "அட்டை" என்றார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "லிஃப்ட்டு! என்னய்யா அங்க வம்பு? ஆட்டம் ஆரம்பிச்சிருப்பானுங்க!"

"அட்டை வேணுமாம் சார்."

"மஞ்சளா, சிவப்பா?"

"கேட்டுட்டு வரேன் சார்" என்று லிஃப்ட்காரர் மையத்துக்கு நடந்தார். ரெஃப்ரி ஜன்னலிலேயே இருந்தார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

மையத்தில் அவரை ஓர் ஒருங்கிணைப்பாளர் வரவேற்றார். கழுத்தில் மூன்று அட்டைகள் தொங்கின. ஒன்று அவர் யார் என்று சொன்னது. இன்னொன்று, முதல் அட்டை உண்மை என்று சொன்னது. மூன்றாவது முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது. சுவரில் 'இன்றைய சேவை வாய்ப்புகள்' என்று ஒரு பெரிய பலகை. புதிய தன்னார்வலர்களை வரவேற்றல், வரவேற்புக் கூட்டத்துக்கு நாற்காலி போடுதல், போட்ட நாற்காலிகளை எடுத்தல், நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி சொல்லுதல். லிஃப்ட்காரர் மேலிருந்து கீழ்வரை படித்தார். மாடி மாடியாகப் படிக்கிற பழக்கம்.

"இதுல கஷ்டப்படறவங்க யாரையும் காணோமே தம்பி?"

"அதுக்குப் பேரு களம் சார். களத்துக்கு நிறைய பேர் காத்திருக்காங்க. நம்ம ஊர்ல சேவை செய்ய ஆசைப்படறவங்க ஏகப்பட்ட பேர், கஷ்டப்படறவங்கதான் பத்தலை. அடுத்த வருஷத்துக்குள்ள கூட்டிடலாம்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"எதைக் கூட்டறது?"

"எண்ணிக்கையை."

"எனக்கு ஒரே ஒருத்தர் போதும் தம்பி. எதிர்வீட்டுக்காரர். தெரிஞ்சவர்."

ஒருங்கிணைப்பாளர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சவர்னு இங்க வெளிய சொல்லிடாதீங்க சார்."

பிறகு எல்லோரையும் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் அம்மா மேடையேறினார். நல்ல உயரம், நல்ல குரல். மைக் தேவைப்படாத குரல். ஆனாலும் மைக்கை விடவில்லை.

"சேவைங்கிறது என்ன?" என்று கேட்டார். ஒருவர் கை தூக்கினார். "கேள்வி உங்களுக்கு இல்லை" என்று சொல்லி, அவரே தொடர்ந்தார். "ஒருத்தருக்கு உதவி தேவைப்படுது. நாம போய் உதவறோம். இதுவா சேவை? இது பழைய காலம்! இதைத் தெருவுல போற யாரும் செஞ்சுடலாம். அதுல நமக்கு என்ன வளர்ச்சி? போன வருஷம் மட்டும் மத்த ஊர்கள்ல இந்த மையம் ஆயிரக்கணக்கானவங்களைத் தன்னார்வலரா உருவாக்கியிருக்கு. யாருக்குச் சேவை செஞ்சாங்கன்னு சிலர் கேட்கறாங்க. குறுகிய பார்வை! அது ரெண்டாம் கட்டம். முதல் கட்டம் இன்னும் முடியலை. முடியவும் விடமாட்டோம்!"

கைதட்டல் சரியாக அமையவில்லை என்று எல்லோரையும் இன்னொரு முறை தட்டச் சொன்னார்கள். கைதட்டலுக்கென்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். 'நன்றியோடு தட்டுதல்', 'பெருமிதத்தோடு தட்டுதல்' இரண்டையும் தனித்தனியே செய்து காட்டினார். லிஃப்ட்காரருக்கு இரண்டும் ஒரே மாதிரி வந்தது.

அடுத்த வாரம் நாற்காலி தள்ளும் பயிற்சி. ஆளில்லாத சக்கர நாற்காலியை மேசைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். நடுநடுவே நின்று, குனிந்து, "ஐயா, வசதியா இருக்கா?" என்று நாற்காலியைக் கேட்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

"பதில் வராதுங்களே" என்றார் ஒரு பெண்மணி.

"வர்ற மாதிரி காத்திருக்கணும்மா. ஆளை உட்கார வெச்சா ஏதாவது பதில் சொல்லிடுவாங்க; பயிற்சி கெட்டுடும்."

மற்றவர்கள் திணறினார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்தது, சிலருக்குப் பேச்சு வரவில்லை. லிஃப்ட்காரர் மட்டும் குனிந்து, கேட்டு, காத்திருந்து, தலையாட்டி, மேலே தள்ளிக்கொண்டு போனார். அந்தத் தொகுதியிலேயே முதல் மதிப்பெண் அவருக்குத்தான். காலி நாற்காலியோடு பேசுவது வீட்டில் ஒரு வருஷப் பழக்கம்.

பயிற்சி பல வாரம் நீண்டது. மாலை திரும்பும்போது ஜன்னலடியில் நிற்பார்.

"என்னய்யா, கிடைச்சுதா?"

"இன்னிக்குப் புன்னகை வகுப்பு சார்."

"எங்க, காட்டு."

காட்டினார்.

"போதும், மூடு" என்றார் ரெஃப்ரி. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னை மறந்துருவானுங்கய்யா" என்றார். இந்தமுறை கத்தாமல் சொன்னார். லிஃப்ட்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதற்கு இன்னும் வகுப்பு நடக்கவில்லை.

ஒரு வழியாகக் களநாள் வந்தது. பயிற்சி முடித்த அத்தனை பேரும் மஞ்சள் பனியனோடு முதியோர் இல்லத்து முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, லிஃப்ட்காரர் வீட்டுப் படி வரை நீண்டது. தள்ளப்படுவதற்கு ஒரே ஒருவர்தான்: ரெஃப்ரி. தலைக்கு எண்ணெய் தடவி, புதுத் தொப்பி மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். ஒரு தன்னார்வலர் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்குத் தள்ளுவார், ஒரு போட்டோ. அடுத்தவர் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு இழுப்பார், இன்னொரு போட்டோ. போட்டோவில் பயனாளியின் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடுவார்கள். அது அவருடைய கண்ணியத்தைக் காப்பாற்ற. தள்ளுபவரின் முகத்துக்கு அந்த ஆபத்து இல்லை.

காலையிலிருந்து ரெஃப்ரி முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தார். கூட்டிப் பார்த்தால் பக்கத்து ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

லிஃப்ட்காரரின் முறை வந்தபோது ரெஃப்ரிக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்த விதத்திலேயே ஆளைக் கண்டுகொண்டார்.

"லிஃப்ட்டு, நீயா? இந்தப் பயலுங்க யாரும் கோல் பக்கமே போகமாட்டேங்கறானுங்கய்யா."

லிஃப்ட்காரர் தள்ளினார். இரண்டாவது கோடு வந்தது. அவர் நிற்கவில்லை. வேண்டுமென்று செய்தாரா என்று பிற்பாடு விசாரித்தார்கள், அவருக்கே தெரியவில்லை. கை போன போக்கில் போனது.

"சார், கோடு! கோடு!" என்று ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார்.

"நிக்காதே! போ, போ, வலது பக்கம் காலியா இருக்கு!" என்று ரெஃப்ரி கத்தினார்.

மஞ்சள் பனியன்கள், இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, பெருமிதத்தோடு தட்டினார்கள். காவலாளி கதவைச் சாத்தினார்.

மறுநாள் லிஃப்ட்காரர் இயக்குநர் அம்மாவின் அறையில் நின்றார். உட்காரச் சொன்னார்கள். அவர் செய்தது தகராறு என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் யாரும் யாரையும் கடிந்து பேசக்கூடாது. அக்கறையோடுதான் பேச வேண்டும்.

"ஐயா, நீங்க ஏன் சேவை செய்ய விரும்பறீங்க?"

"அவருக்கு மேட்ச் பார்க்கணுங்க."

"அது அவரோட ஆசை. அவருக்கு என்ன வேணும்ங்கிறது நம்ம பாடத்திட்டத்திலேயே கிடையாது. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க."

"தள்ளும்போது உங்களுக்குள்ள என்ன உணர்வு வருது? நிறைவு? பூரிப்பு?"

லிஃப்ட்காரர் தனக்குள் தேடிப் பார்த்தார். "ஒண்ணும் வரலீங்க. அவர் கத்துவார். கேட்டுட்டிருப்பேன்."

"இன்னொண்ணு. ஒரே ஆளையே தினமும் பார்க்கணும்னு கேட்கறீங்களாம். அப்படிப் பார்த்தா பாசம் வந்துடும் ஐயா! அதைத் தடுக்கத்தான் ஒட்டுதல் தடுப்பு விதி இருக்கு. எங்க தன்னார்வலர் யாரும் ஒரு பயனாளியை ரெண்டாவது தடவை பார்க்கவே மாட்டாங்க. அவ்வளவு கட்டுப்பாடு." கொஞ்ச நேரம் அவரையே உற்றுப் பார்த்தார். "வீட்ல யார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. ஒரு வருஷமாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

அவர் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததை அம்மா கவனித்தார். கண்கள் பளபளத்தன. மேசை மணியை அழுத்தினார். ஒருங்கிணைப்பாளர், கைதட்டல் பயிற்சியாளர், போட்டோ எடுப்பவர் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"இவ்வளவு நாளா இவரைத் தப்பான வரிசையில நிக்க வெச்சிருக்கோம்!" என்றார் அம்மா. "இவர் தன்னார்வலரே இல்லை. இவர் பயனாளி! மையம் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு பயனாளி தன் காலாலேயே நடந்து வந்தது இதுதான் முதல் தடவை!"

எல்லோரும் தட்டினார்கள். லிஃப்ட்காரர், "சரிங்க" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் அவருக்கு விளக்கினார். பயனாளிகள் இரண்டு வகை. இல்லத்துக்குள் இருப்பவர்கள் உள் பயனாளிகள். அவர்களுக்கு நகம் வெட்டுதல், பாட்டுப் பாடுதல், நலம் விசாரித்தல். ஊருக்குள் தனியாக இருப்பவர்கள் வெளிப் பயனாளிகள். அவர்களுக்கு மட்டும் வெளியே உலா. உள் பயனாளியை வெளியே கொண்டுபோக விதியில்லை. வெளிப் பயனாளி உலாவுக்குப் போகாமல் இருக்கவும் விதியில்லை.

"எனக்குக் கால் நல்லா இருக்கு தம்பி. நடந்தே வந்துடுவேனே."

"நடந்தா அது உலா இல்லை சார், நடை. நாற்காலி வாங்கிக் கொடுத்தவங்க பேரைச் சாய்மானத்துல எழுதியிருக்கு. நீங்க உட்கார்ந்தாத்தான் அவங்களுக்குப் புண்ணியம்."

நாற்காலியை முதியோர் இல்லத்து வரவேற்பறையில் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே மறுநாள் மாலை, பயனாளி அட்டையைப் பார்த்ததும், காவலாளி லிஃப்ட்காரருக்கு சல்யூட் அடித்து உள்ளே விட்டார். கால் திடமான மனிதரை நான்கு பேர் சேர்ந்து நாற்காலியில் இறக்கி, போர்வை போர்த்தி, "எங்க போகணும் ஐயா?" என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஒருவர் அவரிடம் கேட்டார்.

"மைதானம்" என்றார்.

ரெஃப்ரியின் ஜன்னலைக் கடந்துதான் போனார்கள். ஜன்னலில் முகம் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மைதானத்தில் நெட்டையன் பந்தை நிறுத்திவிட்டு வந்தான். "பெருசு எங்க?"

"உள்ளே."

"நீங்க ஏன் இதுல உட்கார்ந்திருக்கீங்க? கால்ல அடியா?"

"இல்லப்பா. நான் வெளிப் பயனாளியாம்."

ஆட்டம் நடந்தது. யாரும் கத்தவில்லை. யாராவது யாரையாவது இடறிவிட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பாதியிலேயே பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு தன்னார்வலர்களும் அவரைச் சுற்றி நின்று முகம் மங்கலான போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் அவர் கொஞ்சம் முன்னதாகவே போனார். வரவேற்பறையை அடுத்த அறைதான் ரெஃப்ரியுடையது.

"நேத்து என்ன ஸ்கோர்?"

"பார்க்கலை சார்."

"பார்க்கலையா! கோட்டோரத்துல உட்கார்ந்துகிட்டு வேற என்னய்யா புடுங்கிட்டிருந்தே?"

"உட்கார்ந்திருந்தேன் சார்."

ரெஃப்ரி திட்ட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லிஃப்ட்காரர் ரெஃப்ரியின் முகத்தையும், வெளியே நிற்கும் நாற்காலியையும் ஒரு முறை பார்த்தார். பிறகு, எத்தனாவது மாடி என்று கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"சார், இன்னிக்கு நீங்க நானா போயிட்டு வாங்க."

"மாட்டிக்கிட்டா?"

"என்னை ஒரு தடவை பார்த்தவங்க யாருமே ரெண்டாவது தடவை வரமாட்டாங்க சார். விதி இருக்கு."

ரெஃப்ரி வாயைப் பிளந்தார். "லிஃப்ட்டு, நீ ஊமைக் கோட்டான்யா!"

லிஃப்ட்காரர் அவரைத் தூக்கி, வெளியே நின்ற நாற்காலிக்கு மாற்றி உட்கார வைத்தார். தன் அட்டையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். அவருடைய தொப்பியை எடுத்துத் தான் வைத்துக்கொண்டு, அவருடைய நாற்காலியில், அவருடைய ஜன்னலருகே உட்கார்ந்தார். மஞ்சள் பனியனில் புது முகங்கள் நான்கு வந்தன.

"வெளிப் பயனாளி ஐயா?"

"நான்தான், நான்தான்! குசலம் விசாரிச்சது போதும், தள்ளுங்க, நேரமாச்சு!"

காவலாளி அட்டையைப் பார்த்தார். முகத்தையும் பார்த்தார். ஜன்னலில் இருந்த தொப்பியையும் பார்த்தார். அட்டை சரியாகத்தான் இருந்தது. கதவை அகலத் திறந்துவிட்டார்.

அப்புறம் தினமும் அப்படியே.

மையத்தின் ஆண்டு விழாவில் இயக்குநர் அம்மா ஓர் அற்புதத்தைப் பற்றிப் பேசினார். "ஒரு மனிதர் எங்ககிட்ட வந்தார். சாப்பிட்டோமான்னுகூட ஞாபகமில்லை. கேட்டா ரெண்டு வார்த்தை பேசமாட்டார். இன்னிக்கு? எங்க தன்னார்வலர்கள் அறிக்கை கொடுக்கறாங்க: அவர் கத்தறார்! சிரிக்கறார்! எங்க ஆளுங்களையே 'ஒழுங்கா தள்ளுடா'ங்கறார்! சேவையோட மகிமையைப் பாருங்க!" கூட்டம் நன்றியோடும் பெருமிதத்தோடும் மாறி மாறித் தட்டியது. அந்த மனிதரின் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. மங்கலாக.

அதே நேரத்தில் லிஃப்ட்காரர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். டிப்போ சுவருக்கு அப்பாலிருந்து காற்று இந்தப் பக்கம் அடித்தால் குரல் லேசாக வரும். அன்று காற்று சுமாராக இருந்தது. கதவைத் தட்டிவிட்டு ஒரு மஞ்சள் பனியன் உள்ளே வந்தது. புதுப் பெண். கையில் நகவெட்டி. குனிந்து, பயிற்சியில் சொன்ன தூரத்தில் நின்று, பயிற்சியில் சொன்ன குரலில் கேட்டாள்.

"ஐயா, தனியா இருக்கீங்களே. உங்களுக்காக நான் என்ன செய்யட்டும்?"

தூரத்தில், "ஃபவுல்! ஃபவுல்டா நெட்டையா!" என்று கேட்டது.

"கொஞ்சம் நகர்ந்துக்கோம்மா, சத்தம் வர்ற பக்கம் நிக்கறே" என்றார் லிஃப்ட்காரர். "நான் சேவை பண்ணிட்டிருக்கேன்."